துருப்பிடித்த மதகுக் குழாய்: உள்ளே புதுக்குழாயா, தோண்டி மாற்றுவதா, சைஃபனா?

மீன் பிடிக்கவும் படகு விடவும் தனியார் கட்டிய சின்ன மண் அணைகளில் பெரும்பாலும் கரைக்கு முன்னால் வயதாவது, ஏரித் தண்ணீரை வெளியே விடக் கரைக்குள் ஓடும் மதகுக் குழாய்தான். நெளிவுத் தகரக் குழாய் பொதுவாக 25 முதல் 50 ஆண்டுகள் தாங்கும். அணையோ அதற்கு அப்புறமும் நிற்கும். குழாயின் அடிப்பக்கம் துருவில் கரைந்து ஓட்டையாகிவிட்டால், சுற்றியுள்ள மண் அதன் வழியே உள்ளே இறங்கித் தண்ணீரோடு போய்விடும். மேலே புல் பச்சையாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் கரைமேல், குழாய் போகும் கோட்டுக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் ஒரு குழி தெரியும். அதில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அடியில் உள்ள வெற்றிடத்துக்குள் மேல்மண் இறங்கியதால் வந்த குழி அது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிக் பே ஏரி அணை கரைக்குள் மண் அரித்துப் போனதால்தான் உடைந்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய தனியார் மண் அணை அது. 2004 மார்ச் 12 அன்று உடைந்தபோது வெள்ளம் எதுவும் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை என்றாலும் சுமார் நூறு கட்டடங்கள் சேதமடைந்தன.

சரி, குழாய் போய்விட்டது என்று தெரிந்தால் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

முதலாவது, பழைய குழாய்க்குள் சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்ட் கூழை நிரப்புவது. கரையைத் தோண்ட வேண்டாம், வேலையும் சீக்கிரம் முடியும். விட்டம் குறைந்தாலும், நெளிவு இல்லாத வழவழப்பான சுவர் என்பதால் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். ஆனால் இந்த வழி குழாயின் உள்பக்கத்தை மட்டுமே சரிசெய்கிறது. வெளிப்பக்கத்தை ஒட்டி மண்ணில் ஏற்கனவே பொந்து இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். அதனால் முதலில் குழாய்க்குள் கேமராவை அனுப்பிப் பாருங்கள். குழாய் வட்டம் குலையாமல், நேராக, மூட்டுகள் விலகாமல் இருக்க வேண்டும். கரைமேல் குழி இருக்கக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கரைமேல் குழி தெரிந்த பிறகும் "செருகினால் போதும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, ஏரியை வடித்து, கரையைக் குறுக்கே வெட்டி, பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பது. செலவும் தொல்லையும் இதில்தான் அதிகம். ஆனாலும் கரை தாழ்வாக இருந்து, ஒரு பருவம் ஏரி இல்லாமல் சமாளிக்க முடியுமானால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். கரை மண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிவது இதில் மட்டும்தான்.

வேலை கெடுவது வெட்டும் விதத்தில். பள்ளத்தின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால், நிரப்பிய புது மண் அமுங்கும்போது பழைய மண்ணோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். தண்ணீருக்கு அதுவே வழி. பக்கங்களை நன்றாகச் சாய்த்து வெட்டி, மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வட்டக் குழாயின் அடிவயிற்றில் எந்தக் கருவியும் சரியாகப் புகாது. அங்கே கான்கிரீட் படுக்கை போடுவது நல்லது. முன்பெல்லாம் கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றித் தடுப்பு வளையங்கள் வைப்பார்கள். அந்த வளையங்களை ஒட்டி மண்ணை இறுக்க முடியாமல் போனதே புதுத் தொல்லையானது. 1980களுக்குப் பிறகு அவற்றின் இடத்தில் மணல் வடிகட்டி வந்தது. கரையின் வெளிப்பக்கப் பாதியில் குழாயைச் சுற்றிச் சுத்தமான மணலை ஒரு தடித்த சுவர்போல நிரப்பி, அடிவாரம் வரை வடிகால் விடுவார்கள். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும். ஒப்பந்தக்காரர் இன்னும் வளையங்களைப் பற்றியே பேசினால், வடிகட்டி எங்கே என்று கேளுங்கள். முதல் வழியிலும் குழாயின் வெளிமுனையைச் சுற்றி இதே வடிகட்டி வேண்டும்.

மூன்றாவது சைஃபன். பழைய குழாயை முனை முதல் முனை வரை சிமெண்ட் கூழால் அடைத்துவிட்டு, கரையின் மேல் வழியாகப் புதுக் குழாயைக் கொண்டுபோவது. குழாய் முழுக்க நீர் நிறைந்திருந்தால், ஏரித் தண்ணீர் தானே உறிஞ்சப்பட்டு மேலேறி மறுபக்கம் இறங்கும். கரையின் அடிப்பகுதியைத் தொடவே வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் நீர்மட்டத்திலிருந்து குழாயின் உச்சி வரை ஏறும் ஏற்றத்துக்கு எல்லை உண்டு. கடல் மட்டத்தில்கூட நடைமுறையில் சுமார் 6 மீட்டர்தான், உயரமான ஊர்களில் இன்னும் குறைவு. மூட்டில் காற்றுப் புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும். உறிஞ்சும் அழுத்தத்தில் மெல்லிய குழாய் நசுங்கிவிடும். தண்ணீர் நிரப்பித் தொடங்கிவைக்க ஓர் ஆளும் தேவை, அதனால் நடுராத்திரி வெள்ளத்துக்கு இதை நம்பி இருக்கக் கூடாது. ஆழம் குறைந்த ஏரிக்கும், தோண்டப் பணமில்லாத உரிமையாளருக்கும் இது மரியாதையான தீர்வு. பழைய குழாயை அரைகுறையாக அடைத்துவிட்டுச் சைஃபன் போட்டால் மட்டும், ஆபத்து கரைக்குள் அப்படியே இருக்கும்.

எதைச் செய்தாலும் தண்ணீரை மெதுவாக இறக்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் குறைக்காமல் இருப்பது நல்லது. வேகமாக வடித்தால் ஊறிப்போன உள்பக்கச் சரிவு தாங்குதல் இழந்து சரிந்துவிடும். வேலை தொடங்கும் வரை அடிவாரக் கசிவை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வைத்துப் பாருங்கள். தெளிந்த நீர் அளவு மாறாமல் வந்தால் கண்காணிக்க நேரம் இருக்கிறது. அடியில் வண்டல் படிந்தால் பொறியாளரையும் கீழே குடியிருப்பவர்களையும் அன்றைக்கே அழைக்க வேண்டும். கசியும் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள்; தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும்.

இந்த மூன்றுமே கலிங்கின், அதாவது மிகுதி வெள்ளம் வழிந்தோடும் வாயின், வேலையைச் செய்யாது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை, வசதியானவர்கள் மீன்பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் வைத்திருந்த ஒரு கழகத்தின் சொத்து. வடிகுழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கி விற்றுவிட்டார். கழகம் திரும்பப் போடவில்லை. மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் கட்டிய தட்டிகளில் குப்பை அடைத்தது. 1889 மே 31 அன்று கனமழையில் அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். நீரை இறக்கவும் வழியில்லை, வெள்ளம் வெளியேறவும் வழியில்லை. உங்கள் கலிங்கில் மீன் வலை இருந்தால், குழாய் வேலைக்கு ஆள் வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.