கேட் தூண் ஓர இடைவெளியை அடைக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் செரங்கூன் கார்டன்ஸ் பக்கம் எங்களுடையது பழைய தரைவீடு. போன வருடம் கேட்டை மாற்றியபோது இரும்புத் தூணுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து விழுந்துவிட்டது. சுவர் லேசாகச் சாய்ந்திருப்பதால் மேலே 4 சென்டிமீட்டர், கீழே 7. மகளின் பூனைக்குட்டி அதன் வழியாக இரண்டு முறை ரோட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது முறை ஒரு கார் பிரேக் போட்டு நின்றது. அன்றைக்கே ஆள் தேடினேன்.

வந்தவர் தமிழர்தான். "கவலைப்படாதீங்கக்கா, உள்ளே கான்கிரீட் போட்டு அடைச்சிடுறேன், ஆயுசுக்கும் அசையாது" என்றார். 480 வெள்ளி (டாலர்). நம்பி மொத்தத்தையும் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சந்து இருந்த இடமே தெரியவில்லை, சாம்பல் பெயின்ட் அடித்து அழகாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் தாங்கவில்லை. தூண் ஓரமாக மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல விரிசல். டிசம்பர் மழை விடாமல் பெய்ததும் முழங்கால் உயரத்தில் ஒரு சில்லு கழன்று விழுந்தது. கையில் எடுத்தேன். பிஸ்கட் கனம்கூட இல்லாத சிமெண்ட் பூச்சு. அதற்குப் பின்னால் மஞ்சளாக ஃபோம், டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கி வருமே, அது. விரலால் அழுத்தினால் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. கறுப்பு எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. தூணின் அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தது, நகத்தால் கீறினால் துரு.

போன் போட்டேன். "மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்க்கா" என்றார். படம் அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை.

ஃபோம் கெட்ட பொருள் இல்லை. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் நன்றாகவே உழைக்கும். வெயில் பட்டால்தான் பழுத்து உதிர்ந்துவிடும். கான்கிரீட் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு அதைத் திணித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு சுங்கை காடுட்டிலிருந்து ஒரு வெல்டர் அண்ணன் வந்து பார்த்தார். கான்கிரீட்டே போட்டிருந்தாலும் விரிசல் விட்டிருக்கும் என்றார். கேட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் தூண் அதிரும், சுவர் அசையாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒரு பக்கம் பிளந்துதான் ஆகும். அவர் சுவரின் சாய்வுக்குத் தக்கபடி ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி, எவர்சில்வர் போல்ட்டால் சுவரில் மட்டும் பிடித்தார். தூணை ஒட்டி 1 சென்டிமீட்டர் விட்டு, அதற்குள் நுரைக் கயிறு செருகி, மேலே வளைந்துகொடுக்கும் சீலன்ட் இழுத்தார். அடியில் அரை இஞ்ச் திறந்தே விட்டார், தண்ணீர் வடிய. துருவைச் சுரண்டி ப்ரைமரும் அடித்தார். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீங்களும் அப்படிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்க முடியாவிட்டால் படமாவது கேளுங்கள், நல்ல மழை ஒன்று பெய்யும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

முதல் ஆளின் கொட்டேஷனில் கம்பெனிப் பதிவு எண் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டுவிட்டேன். 5,000 வெள்ளிக்குள் என்றால் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொட்டேஷன், பேநவ் பதிவு, படங்கள் எல்லாம் சேர்த்தாயிற்று. பிய்த்தெடுத்த மஞ்சள் துண்டு ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.