ஆவணத்தில் கெட்டி, வாக்குரிமையில் கோட்டை விட்ட ஆலோசனை மையம்

என் தங்கை மகன் நியூசிலாந்தில் நிரந்தரமாகக் குடியிருக்க விண்ணப்பிக்க விரும்பியதால், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு குடியேற்ற ஆலோசனை மையத்தை அணுகினோம். குறையும் சொல்லவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஆவணச் சரிபார்ப்பில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர். பட்டச் சான்றிதழிலோ தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போய்விட்டது. நம் பிள்ளைகள் பலருக்கும் உள்ள இந்தச் சிக்கலை அங்கிருந்த பெண் அலுவலர் பார்த்தவுடனே கண்டுபிடித்து, நோட்டரியிடம் எந்த வாசகத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

சறுக்கியது நாடுகளை ஒப்பிட்டுக் காட்டும் அட்டையில்தான். லேமினேட் செய்த அந்த அட்டையில் கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் நாடுவாரியாக விவரமாக இருக்க, கடைசி வரிசையில் ‘வாக்குரிமை’ என்பதற்கு நேராக எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள். கேட்டதற்கு, “பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கிட்டா எல்லாம் உண்டு சார், ஓட்டு மட்டும் எந்த நாட்டுலயும் கிடையாது” என்றார் ஆலோசகர்.

கனடாவுக்கு அது சரி. ஜெர்மனிக்கும் சரி, இரண்டு மாநிலங்கள் வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்கு கொடுத்ததை 1990இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே ரத்து செய்தது. ஆனால் நாங்கள் விசாரிக்கப் போன நியூசிலாந்திலேயே, 1975 முதல், ஓராண்டு தொடர்ந்து வசித்த நிரந்தரக் குடியிருப்பாளர் உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமன்றி நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். சுவீடன் 1976 முதல் நகராட்சித் தேர்தலில் வெளிநாட்டவரை அனுமதிக்கிறது. நெதர்லாந்தில் ஐந்தாண்டு வசித்தால் போதும். தென்கொரியாவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்று மூன்றாண்டு ஆனவர்கள் 2006 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அயர்லாந்தோ உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியுரிமையையே கேட்பதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தை வைத்தே உலகத்தையும் அளந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி இந்தியக் குடிமகன் அல்லாதவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலை ஒட்டியே தயாராகிறது. சேலம் மாவட்ட முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழர்கள், குடியுரிமை இல்லை என்பதால், தாங்கள் தண்ணீர் பிடிக்கும் தெருக்குழாயைப் பராமரிக்கும் ஊராட்சியில்கூட வாக்களிக்க முடியாமல் இருப்பது இதனால்தான். (அது சரியா என்பது வேறு விவாதம், எனக்கு அது சரியாகப் படவில்லை.)

ஓட்டு ஒரு சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஏனெனில், “ஓட்டு வேண்டுமானால் பிறகு குடியுரிமைக்கும் நாங்களே விண்ணப்பித்துத் தருகிறோம்” என்று அடுத்த சேவையையும் இதைக் காட்டியே விற்கப் பார்க்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், நியூசிலாந்துக் குடியுரிமை பெறும் நாளிலேயே சேலத்து வாக்கு போய்விடும், பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையை வாங்கினாலும் அது திரும்பாது. மாறாக, குடியுரிமையை மாற்றாமல் நிரந்தரக் குடியிருப்பாளராகவே இருந்தால், அங்கும் வாக்களிக்கலாம். இங்கே படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் வெளிநாடுவாழ் வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம். வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும் என்பதுதான் சிரமம். இலவசமாகக் கிடைக்கும் அந்தப் படிவத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆவணச் சரிபார்ப்பை மட்டும் தனிக் கட்டணத்தில் செய்து தருகிறார்கள். அதற்கு ரசீதும் உண்டு. அதற்காகத் தாராளமாகப் போகலாம். குடியுரிமை வரை சேர்த்த மொத்தத் தொகுப்புக்கு முன்பணம் கட்டச் சொன்னால் மட்டும், போகவிருக்கும் நாட்டின் தேர்தல் ஆணைய இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.