அமெரிக்கா எந்த ஆண்டில் திசை திரும்பியது: 1776, 1865, 1965?

அமெரிக்க வரலாற்றின் பெரிய திருப்புமுனை எது என்று கேட்டால், பதில் சொல்பவரைப் பொறுத்து ஆண்டு மாறும். பள்ளிப் பாடம், பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த 1776 என்று சொல்லும். அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 1865. நியூ ஜெர்சியில் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட நம்மவர்களுக்கோ 1965. மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க நான் வைத்துக்கொண்ட எடைக்கல் எளிமையானது: மறுநாள் காலையில் ஒரு சாதாரண ஆளுக்கு என்ன மாறியது?

1776-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபிலடெல்ஃபியாவில் வாடகைக்கு எடுத்த அறையில் தாமஸ் ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனத்தில் ‘மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று எழுதிய நாட்களில், அவருக்கு ஏவல் செய்ய உடன் வந்திருந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ். வயது 14. அடிமை. ஜெஃபர்சனின் மாமனாருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவன் என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட செய்தி. அப்படியென்றால் ஜெஃபர்சனுக்கு மைத்துனன் முறை. அந்த மைத்துனனுக்கு விடுதலை கிடைத்தது 1794-இல், அதுவும் பணம் கட்டி.

ஜெஃபர்சன் தன் வரைவில் அடிமை வணிகத்தைத் தாக்கி ஒரு பத்தி எழுதியிருந்தார். அதை மற்றவர்கள் அடித்துவிட்டார்கள். பிறகு 1787-இல் எழுதிய அரசியல் சாசனத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடங்கள் என்று கணக்குப் போடும்போது, அடிமை ஒருவர் ஐந்தில் மூன்று பங்கு. வாக்கு இல்லாதவரின் தலையை எண்ணி, அவரை வைத்திருந்தவருக்குக் கூடுதல் இடம்! பூர்வகுடிகளுக்கு இன்னும் மோசம். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று 1763-இல் பிரிட்டிஷ் மன்னர் போட்ட எல்லைக்கோட்டை நம்பியிருந்தார்கள்; மன்னர் போனார், கோடும் போனது.

சரி, 1776 வெறும் காகிதமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1963-இல் வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அந்தச் சொற்களை நாடு எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் என்றார். பத்திரம் இல்லாமல் கடனைக் கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் பத்திரம் எழுதிய நாளும் பணம் கைக்கு வந்த நாளும் ஒன்றல்ல.

1865-இல் கைக்கு ஏதோ வந்தது. அதிபர் லிங்கன் 1863-இல் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம், ஒன்றியத்திலிருந்து பிரிந்து கிளர்ச்சி செய்த தென்பகுதிகளுக்கு மட்டும்தான். கென்டக்கி, மேரிலாந்து போல ஒன்றியத்தோடு நின்ற மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. சுமார் 3.1 கோடி மக்கள்தொகையில் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்த நாடு அது. உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். டெக்ஸாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு விடுதலைச் செய்தி அதிகாரபூர்வமாக வந்தது 1865 ஜூன் 19 அன்று, பிரகடனத்துக்கு இரண்டரை ஆண்டு கழித்து. தளபதி கிரேஞ்சரின் ஆணை என்ன சொன்னது? இனி உங்களுக்குள் இருப்பது முதலாளி, கூலியாள் உறவு; இருக்கும் வீட்டிலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள்.

மறுநாள் காலை அதே வயல், அதே எஜமானர். ஆனாலும் பெற்ற பிள்ளையை இனி யாரும் சந்தையில் விற்க முடியாது. அடுத்து வந்த ஆண்டுகளின் கறுப்பினப் பத்திரிகைகளில் ஒருவகை விளம்பரம் திரும்பத் திரும்ப வந்தது: சின்ன வயதில் விற்கப்பட்ட என் தாயை, தம்பியை யாராவது பார்த்தீர்களா என்று. இதைவிடப் பெரிய மாற்றத்தை எந்தத் தராசில் வைப்பது?

1933-ஐச் சொல்பவர்களும் உண்டு. நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலையில்லை, ரூஸ்வெல்ட் அதிபராக வந்தார், 1935-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. பெரிய காரியம்தான். ஆனால் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அந்தச் சட்டம் தொடக்கத்தில் வெளியே நிறுத்தியது. தெற்கில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இதை ஓரமாக வைத்துவிடுகிறேன்.

1965-இல் இரண்டு சட்டங்கள். மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைக் காவலர்கள் அடித்து நொறுக்கினார்கள். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் 7 சதவீதம்கூட இல்லை. இரண்டே ஆண்டில் அது 60-ஐ நெருங்கியது. மறுநாள் காலைச் சோதனையில் இதற்கு முழு மதிப்பெண்.

இன்னொன்று அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய இடங்கள் ஆண்டுக்கு 100! இது ஒன்றும் புரட்சிகரமான சட்டமல்ல என்று ஜான்சனே அன்று சொன்னார். அந்த விஷயத்தில் அவர் கணிப்பு சுத்தமாகத் தப்பியது. நியூ ஜெர்சியின் எடிசனில் இட்லி மாவு விற்கும் கடைகளே சாட்சி.

ஆக, நம்மவர்கள் 1965-க்கு வாக்களிப்பது புரிகிறது. எனக்கு ஒரு சங்கடம் மட்டும். அந்த வாக்குரிமைச் சட்டத்தின் தலைப்பே ‘அரசியல் சாசனத்தின் 15-ஆம் திருத்தத்தை அமல்படுத்தும் சட்டம்’. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அந்தத் திருத்தம் 1870-ஐச் சேர்ந்தது. அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்தே ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போயிருந்தார். 1877-இல் தெற்கில் கறுப்பினத்தவரின் உரிமையைக் காத்து நின்ற ஒன்றியப் படையைப் பின்வாங்கியபின், எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி என்று ஒவ்வொன்றாகப் போட்டு அதை முடக்கிவைத்தார்கள். 1965 வசூலித்தது 95 ஆண்டு நிலுவையை.

அதனால் என் வாக்கு 1865-க்கு. இன்னும் சரியாகச் சொன்னால் அதைத் தொடர்ந்த ஐந்தாண்டுகளுக்கு, குறிப்பாக யாரும் பெயர் சொல்லாத 1868-க்கு. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் எவரும் குடிமகன் என்ற 14-ஆம் திருத்தம் அந்த ஆண்டில்தான் வந்தது. முன்னாள் அடிமைகளுக்காக எழுதிய வரி அது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சீனர் மகனை, வெளிநாடு போய்த் திரும்பியபோது ஊருக்குள் விடாமல் நிறுத்தினார்கள். 1898-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் ஜெயித்ததும் அந்த வரியை வைத்துத்தான். எச்1பி விசாவில் இருக்கும் தமிழ்த் தம்பதிக்கு அங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடியாவதும் அதனால்தான். 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட உத்தரவு குறிவைத்ததும் அதே வரியைத்தான். அதை எதிர்த்து உடனே வழக்குகள் கிளம்பின.