தட்டிப் பார்ப்பதா, தூக்கிப் பார்ப்பதா? போசும்ட்வி ஏரிக்கு அடியில்

தேங்காய் வாங்கும்போது சிலர் தட்டி ஓசை கேட்பார்கள். சிலர் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். ஏரிக்கு அடியில் இருக்கும் பாறையை அறியவும் இந்த இரண்டு வழிகள்தாம். தட்டுவது நில அதிர்வு முறை. தூக்கிப் பார்ப்பது ஈர்ப்பு அளவீடு.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க, கானாவின் குமாசிக்கு அருகிலுள்ள போசும்ட்வி ஏரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சுமார் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிக் குடைந்த, 10.5 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளம் அது. மேலே ஏறத்தாழ 75 மீட்டர் நீர். கீழே 300 மீட்டர் அளவுக்கு வண்டல்.

வடிவம் என்று வந்தால் அதிர்வு முறைக்கே என் ஓட்டு. அடுக்குகளில் பட்டுத் திரும்பிய அலைகள், பள்ளத்தின் நடுவில் எழுந்து வண்டலுக்குள் புதைந்திருந்த மேட்டைத் துல்லியமாகக் காட்டின: அகலம் 1.9 கிலோமீட்டர், உயரம் 130 மீட்டர். ஈர்ப்பு அளவீட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த மேடு மங்கலாகவே தெரிந்திருக்கும். ஆழம் கூடக்கூட ஈர்ப்பின் சாயல் பரந்து கலைந்துவிடும்.

ஆனால் மேட்டுக்கும் கீழே பாறை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது? அங்கே அடுக்கே இல்லை. எதிரொலியும் தெளிவாக வராது. நொறுங்கிய பாறையின் அடர்த்தி குறைவு. அந்த இடத்தில் ஈர்ப்பும் குறையும். போசும்ட்வியில் அந்தக் குறைவு, வண்டலின் பங்கும் சேர்த்து, சுமார் 18 மில்லிகால். ஒரு மில்லிகால் என்பது புவியீர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய அளவை நீரின்மேல் எடுப்பதுதான் பெரும்பாடு. கிழக்கே 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் படகில், பூமியின் சுழற்சியோடு படகின் ஓட்டமும் சேர்ந்து, ஈர்ப்பு 37 மில்லிகால் குறைந்ததாகக் கருவி காட்டும். தேடும் அளவைப்போல் இரண்டு மடங்கு! வேகத்தில் பத்தில் ஒரு நாட் பிசகினாலே முக்கால் மில்லிகால் போய்விடும். பாறை இருக்கவேண்டிய இடத்தில் நீர் இருப்பதைத் திருத்தாமல் விட்டால் இன்னும் 5 மில்லிகால் வரை பிழை. கரையைச் சுற்றி அளந்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வேண்டிய நடுப்பகுதி விடுபட்டுப்போகும். செயற்கைக்கோள் அளவீடு இங்கே உதவாது. இத்தனை சிறிய பள்ளம் அதன் கண்ணில் படாது.

மூன்றாவது போட்டியாளர் காந்த அளவீடு. ஏரிக்கு அடியில் உருகி உறைந்த பாறை கணிசமாக இருக்கும் என்று அதை வைத்துக் கணித்தார்கள். 2004-இல் ஆழ்துளையிட்டபோது எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. ஒரே அளவீட்டுக்குப் பல விளக்கங்கள் பொருந்தும் என்ற அதே ஆபத்து ஈர்ப்புக்கும் உண்டு: ஆழத்தில் பெரிய அடர்த்தி வேறுபாடும், மேலே சிறிய வேறுபாடும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

அதனால் ஏரியின் குறுக்கே கோடு கோடாக அதிர்வு அளவீட்டை முதலில் எடுப்பதே என் தேர்வு. வண்டலின் அடிவரம்பை எதிரொலி நிலைநிறுத்திவிட்டால், வண்டலின் பங்கைக் கழித்துவிட்டு, மிஞ்சும் மில்லிகால்களை நொறுங்கிய பாறையின் கணக்கில் எழுதலாம்.