"ஒரு வருஷம் கட்டினா போதும், அப்புறம் இன்-ஸ்டேட் ஃபீஸ்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு, மே 1-க்குள் எந்த இஞ்சினியரிங் கல்லூரி என்று முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இன்-ஸ்டேட் ஃபீஸ் என்பது அரசுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநிலத்துக்காரர்களிடம் வாங்கும் குறைந்த கட்டணம். அதை நம்பி நாங்கள் ஏமாந்த விதம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 2023-இல் என் மகனுக்கு மெக்கானிக்கலில் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று எங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். இன்னொன்று மிட்வெஸ்ட்டில், ரேங்கிங்கில் கொஞ்சம் மேலே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம். ஸ்காலர்ஷிப் 6,000 டாலரைக் கழித்த பிறகும் இரண்டாவதற்கு ஆண்டுக்கு 18,000 டாலர் கூடுதல். நான்கு வருஷத்துக்கு 72,000. அந்தக் கணக்கைப் பார்த்ததும் வேண்டாம் என்றுதான் இருந்தோம்.

அட்மிஷன் ஆலோசகர் ஒருவருக்கு 2,800 டாலர் கொடுத்திருந்தோம். தெரிந்தவர்கள் மூலம் வந்தவர், நம் ஆள். அவர்தான் எங்கள் மனதை மாற்றினார். "அக்கா, ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கட்டுங்க. தம்பி அங்கேயே ஒரு ரூம் எடுக்கட்டும், அந்த ஸ்டேட் லைசென்ஸ் வாங்கட்டும். பன்னிரண்டு மாசம் ஆனா ரெசிடென்ட்தான். எத்தனையோ பேருக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

ரெசிடென்ட் என்றால் அந்த மாநிலத்துக்காரர், அவர்களுக்குத்தான் இன்-ஸ்டேட் கட்டணம். பன்னிரண்டு மாதம் என்பது பொய் இல்லை, அதனால்தான் நம்பினோம். பெரும்பாலான மாநிலங்களின் விதியில் அந்த எண் இருக்கிறது. அவர் மறைத்தது அதற்கு அடுத்த வரியை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவனுக்குப் பெற்றோர் வாழும் மாநிலம்தான் சொந்த மாநிலம். படிப்பதற்காக வந்து தங்கிய காலம் பொதுவாகக் கணக்கில் வராது.

2024 கோடையில் மகன் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு எடுத்துப் போனான். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், புது லைசென்ஸ், வாக்காளர் பதிவு அட்டை, பார்ட் டைம் வேலையின் சம்பளச் சீட்டு. யார் மாநிலத்துக்காரர் என்று முடிவு செய்யும் ரெசிடென்சி அலுவலகத்தில் இருந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "போன வருஷ வருமான வரியில் உன்னை டிபெண்டன்ட், அதாவது தன்னைச் சார்ந்தவன் என்று காட்டியது யார்?" நாங்கள்தான் காட்டியிருந்தோம். ஃபோல்டர் அங்கேயே மூடிவிட்டது. மூன்று வாரத்தில் வந்த கடிதத்தில், மாணவர் இந்த மாநிலத்தில் இருப்பதன் முதன்மை நோக்கம் கல்வி, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. மேல்முறையீடும் செய்தோம், பலன் இல்லை.

ஆலோசகரைக் கூப்பிட்டால் "ரூல் மாத்திட்டாங்கக்கா" என்றார். மாற்றவில்லை. மகன் சேர்ந்த வருஷத்துக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன், அதே வாசகம் அப்போதும் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் "ஆலோசனை மட்டுமே, விளைவுக்குப் பொறுப்பில்லை" என்ற வரியைக் காட்டினார். அந்த 2,800 போனதுகூடப் பெரிதில்லை. அவர் பேச்சை நம்பித்தான் எங்கள் மாநிலத்து இடத்தை விட்டுக்கொடுத்தோம். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. அந்த 6,000 ஸ்காலர்ஷிப் வெளிமாநில மாணவருக்கு மட்டுமே. ரெசிடென்ட் ஆகியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஜிபிஏ (4-க்கு எடுக்கும் மதிப்பெண் சராசரி) 3.0-க்குக் கீழே இறங்கினாலும் நிற்கும். இரண்டாம் வருஷம் தெர்மோடைனமிக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு 3.0 லேசான விஷயம் இல்லை. கல்லூரி அனுப்பிய உதவித்தொகைக் கடிதத்தில் (எய்ட் லெட்டர்) இது சின்ன எழுத்தில் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

இஞ்சினியரிங்குக்கு என்று தனிக் கட்டணம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் இஞ்சினியரிங் ட்யூஷன் (படிப்புக் கட்டணம்) பொதுக் கட்டணத்தைவிட அதிகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேல் வகுப்புக்குப் போனதும் ட்யூஷன் ஏறும். இரண்டும் அவர்கள் தளத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. முதல் வருஷக் கட்டணத்தை நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும்.

கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அந்தக் கதவும் இப்போது குறுகிவிட்டது. மாணவர் பெயரில் கிடைக்கும் ஃபெடரல் (மத்திய அரசுக்) கடன் முதல் வருஷம் 5,500 டாலர்தான், நான்கு வருஷத்துக்குச் சேர்த்து 27,000. முன்பு பெற்றோர் பெயரில் மத்திய அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடனை முழுச் செலவு வரைக்கும் வாங்க முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் என்றால் தனியார் கடன்தான். என் மகன் இங்கே பிறந்தவன், அதனால் எங்களுக்கு அந்தக் கடனாவது கிடைத்தது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் கடனே கிடையாது. 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 எனும் மாணவர் விசாவுக்கு மாறினால், பல இடங்களில் அதுவரை இருந்த இன்-ஸ்டேட் கட்டணமும் கேள்விக்குறி ஆகிவிடும். அந்த வீடுகளில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

வெளிமாநிலமே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மேற்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் இன்-ஸ்டேட் ட்யூஷனைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். ஆனால் எல்லாப் பாடப்பிரிவும் அதில் இருக்காது, இஞ்சினியரிங் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு வெளிமாநிலக் கட்டணத்தை நான்கு வருஷமும் கட்ட முடியும் என்றால் தாராளமாகப் போங்கள். "பாதியில் குறையும்" என்ற நம்பிக்கையில் போகாதீர்கள்.

மகனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது மகள் விண்ணப்பிக்கிறாள். இந்த முறை ஆலோசகர் யாரும் இல்லை. அவளுக்குப் பிடித்த வெளிமாநிலக் கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன்: "பெற்றோர் நியூ ஜெர்சியிலேயே இருந்தால், என் மகள் படிக்கும்போதே உங்கள் மாநில ரெசிடென்ட் ஆக முடியுமா?" இரண்டு நாளில் பதில் வந்தது. முடியாது என்று ஒரே வரி, கூடவே விதியின் பிரிவு எண்.