பழைய மாஸி 1035: கிளட்ச் ராடைத் திருகும் முன் பின்னைப் பாருங்கள்

சேற்றைக் கலக்கும் சேடை உழவிலேயே பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரில் இன்ஜின் இன்னும் திடமாகவே இருக்கும். தொளதொளவென்று ஆடுவது கிளட்ச் பெடலும் கியர் லீவரும்தான். மூன்று சிலிண்டர், முன்னுக்கு ஆறு கியர், பின்னுக்கு இரண்டு என்று எளிமையான வண்டி. அதனால்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எல்லோரும், பெடலைக் கிளட்சோடு இணைக்கும் கிளட்ச் ராடில் கை வைத்துவிடுகிறார்கள். பாதி கிளட்ச் பிளேட்டுகள் கருகுவது அப்படித்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பிளேட் தேயத் தேய, அதை ஃபிளைவீலோடு (இன்ஜின் பின்பக்கக் கனத்த சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்கள், அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். பெடலில் இருக்கும் பிளே (வெறும் ஆட்டம்) குறையும். அதே காலத்தில் ராடின் இரு முனையிலும் உள்ள பின், யோக் (பின் மாட்டும் கவை) ஓட்டை, பெடல் புஷ் எல்லாம் தேயும். இதனால் பிளே கூடும். ஒன்று குறைக்க, மற்றொன்று கூட்ட, பெடலில் அளந்தால் 25 மி.மீ. சரியாகக் காட்டும். உள்ளே பேரிங் ஃபிங்கரைத் தொட்டபடி எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் பின் தேய்ந்ததும் கிளட்ச் முழுசாக விடுபடாது, கியர் கரகரக்கும். உடனே ராடை இறுக்குவார்கள். இறுக்கியதும் பேரிங் ஃபிங்கரை அழுத்தத் தொடங்கும், லோடில் பிளேட் வழுக்கும். ஒரே நடவுப் பருவத்தில் பிளேட் போய்விடும்.

அதனால் முதல் வேலை பின். இன்ஜினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, காட்டர் பின்னைக் கழற்றி யோக் பின்னை வெளியே எடுங்கள். சேற்றைத் துடைத்துவிட்டு நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நடுவில் ஒரு படி தட்டுப்பட்டால் பின்னை மாற்றியே ஆக வேண்டும். யோக் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் யோக்கையும் மாற்றுங்கள். வெல்டு அடித்துத் துளைத்தாலும் போதும். பெடல் ஷாஃப்ட் புஷ்ஷில் கிரீஸ் நிப்பிள் இருந்தும் சேறு அடைத்துப் பல வருஷம் கிரீஸே போயிருக்காது. நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்தி, பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அளவு. ஸ்டீல் ஸ்கேலை ஃபுட் போர்டில் நிறுத்தி, பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்துங்கள். லேசாகப் போய், கை கனக்கத் தொடங்கும் இடம் வரை உள்ள தூரம்தான் பிளே. வண்டிக்கு வண்டி 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்கள் கையேட்டில் போட்டிருப்பதே முடிவு. லாக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று திருப்பி, பின்னை மாட்டி மறுபடி அளங்கள். ஒரே மூச்சில் மூன்று சுற்று திருப்ப வேண்டி வந்தால், அது அட்ஜஸ்ட்மென்டில் தீர்கிற விஷயமில்லை, பிளேட் முடிந்துவிட்டது. காட்டர் பின் எப்போதும் புதிதாகப் போடுங்கள். மடக்கி நிமிர்த்திய பழைய பின் சேற்றுக்குள் உடைந்தால் பெடல் செத்துப் போகும், டிராக்டர் நிற்காது.

டூயல் கிளட்ச் வண்டிக்கு இது மட்டும் போதாது. பாதி அழுத்தத்தில் சக்கரம் நிற்க வேண்டும், பிடிஓ (ரோட்டவேட்டரைச் சுற்றும் தண்டு) ஓட வேண்டும். முழு அழுத்தத்தில் பிடிஓவும் நிற்க வேண்டும். கடைசி வரை அழுத்தியும் ரோட்டவேட்டர் சுற்றினால் ராடைத் தொடாதீர்கள். கிளட்ச் ஹவுசிங்கின் ஜன்னல் மூடியைத் திறந்தால், ஃபிளைவீலைக் கையால் திருப்பும்போது மூன்று அட்ஜஸ்டிங் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வரும். ஃபீலர் கேஜ் வைத்து மூன்றிலும் ஒரே இடைவெளி வையுங்கள். பல வண்டிகளில் அது 2 மி.மீ. அளவுக்கு இருக்கும். ஒன்று மட்டும் கூடக் குறைய இருந்தால் பிளேட் சாய்ந்து விடுபடும், கிளட்ச் உதறும்.

சோதனை எளிது. ஐடிலிங்கில் பெடலை முழுசாக அழுத்தி, ஐந்து வரை எண்ணி, லோவில் ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழ வேண்டும். வழுக்குகிறதா என்று பார்க்க, பிரேக்கை முழுசாக மிதித்து ஹையில் மேல் கியர் போட்டு மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டுக்குத்தான் சூடு.

அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் வழுக்கினால், ஹவுசிங் அடியில் உள்ள வடிகால் ஓட்டையைப் பாருங்கள். கறுப்பு எண்ணெய் சொட்டினால் இன்ஜின் பின்பக்க சீல். தடித்து, கந்தக வாடையுடன் வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் சீல். இரண்டுக்கும் வண்டியைப் பிரித்தே தீர வேண்டும்; பிரிக்கும்போது ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

கியர் பக்கம் வந்தால், லீவர் நுனி தேய்வதுதான் பெரிய தொல்லை. நுனி, கியரைத் தள்ளும் செலக்டர் ரெயிலின் (கம்பி) பள்ளத்தைவிட்டு நழுவி, இரண்டு கியர் ஒன்றாக விழுந்துவிடும். லீவர் நியூட்ரலில் ஆடும், வண்டி மட்டும் அசையாது. பெடலை விட்டால் இன்ஜின் அணையும். இழுத்துப் பார்க்க வேறு டிராக்டர் கட்டாதீர்கள், பல் உடையும். லீவர் உட்கார்ந்திருக்கும் கவரைத் தூக்கி (ஸ்டீயரிங் பாக்ஸும் அதே கவரில் என்றால் ஆள் துணையோடு), பெரிய ஸ்க்ரூடிரைவரால் ரெயில்களை நெம்பி, பள்ளங்கள் ஒரே நேர்க்கோட்டில் வரச் செய்தால் விடுபடும். நுனியில் வெல்டு ஏற்றிப் பழைய அகலத்துக்கு அராவுங்கள். அராவும் தூள் கியர் பெட்டிக்குள் விழாமல் துணி போட்டுக்கொள்ளுங்கள். லோடோடு இறக்கத்தில் கியர் தானாக விடுபட்டால், ரெயிலைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங்கை முதலில் மாற்றுங்கள். கியர் பல்லின் ஓரம் உருண்டிருந்தால் ஸ்பிரிங் உதவாது. அதுவரை டிரெய்லர் மாட்ட வேண்டாம்.

டெல்டாவில் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கும் என்று கணக்கு வைத்து, மே மாதமே பின், புஷ், பிளே மூன்றையும் பார்த்துவிடுங்கள். சம்பா முடிந்து வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், பெடலை முழுசாக அழுத்தி ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள். அப்படிச் செய்தால், சேற்றுத் தண்ணீர் புகுந்த பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாது.