‘சிலிகா ஜீரோ அக்கா’: 6,800 டாலர் போச்சு

போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. சிட்னியில் சமையலறையைப் புதுப்பிக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் சரி. சமையல் மேடைக் கல்லில் எனக்குப் போனது 6,800 டாலர்.

பழைய லேமினேட் மேடை தண்ணீர் ஊறி உப்பிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். விவரம் தெரியாமல் கடைக்குப் போகவில்லை. என்ஜினியர்டு ஸ்டோன் (கல் தூளை ரெசின் என்ற பிசினால் இறுக்கிச் செய்யும் செயற்கைக் கல்) 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் தடை என்று தெரியும். அதில் 90 சதவீதத்துக்கு மேல்கூட சிலிகா (மணலில் இருக்கும் தாது) இருக்கும், அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோய் வரும், வந்தால் குணமாகாது என்பதும் தெரியும். மார்பிளில் எலுமிச்சை பட்டால் அரித்துவிடும், போர்சலின் (சூளையில் சுட்ட பீங்கான் பலகை) எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. இவ்வளவும் தெரிந்துவைத்துக்கொண்டு ஏமாந்தேனே, அதுதான் ஆத்திரம்.

கல் அறுக்கும் பட்டறையோடு சேர்ந்த ஒரு ஷோரூம். வேலைக்காரர்களைத் தேடும் ஆப்பில் அஞ்சு ஸ்டார். என் பெயரைப் பார்த்ததுமே அந்தப் பையன் “அக்கா தமிழா? எந்த ஊரு?” என்றான். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். சாம்பல் கோடு ஓடிய வெள்ளைக் கல் ஒன்றைக் காட்டினான். வெள்ளையில் மஞ்சள் கறை பிடிக்குமே என்று நான் இழுத்தேன். உடனே டிராயரைத் திறந்து மஞ்சள்தூள் பாக்கெட்டை எடுத்தான். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கல்மேலேயே குழைத்துத் தடவி, கொஞ்ச நேரம் ஊரெல்லாம் விசாரித்துவிட்டு, டிஷ்யூவால் துடைத்தான். சுத்தம்! ஒரு பொட்டு கறை இல்லை.

“இதுல சிலிகா இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“சிலிகா ஜீரோ அக்கா. தடை வந்தப்புறம் பழசை யாரு விப்பா? நம்ம ஆளுங்களுக்கு அப்படிச் செய்வேனா?”

அந்த மஞ்சளுக்கு மயங்கி, எழுத்தில் எதையும் கேட்காமல் 3,400 டாலர் கட்டினேன். பில்லில் ‘ஸ்டோன் டாப், வெள்ளை’ என்று மட்டும் இருந்தது. மீதி 3,400ஐ வேலை நாளன்று காலையில், கல்லை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே வாங்கிவிட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு பையன்கள். பட்டறையிலேயே அறுத்துக் கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன். டிரைவ்வேயில் இரண்டு கட்டையைப் போட்டு, கல்லைக் கவிழ்த்து வைத்து, கிரைண்டரைப் போட்டார்கள். தண்ணீரும் கிடையாது, தூசி உறிஞ்சும் மெஷினும் கிடையாது. ஒருவன் டீ-ஷர்ட் காலரை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஐந்து நிமிடத்தில் என் கறிவேப்பிலைத் தொட்டி மாவு சலித்ததுபோல வெளுத்துவிட்டது. கத்தி நிறுத்தினேன். அறுத்தவன் இங்கே படிக்க வந்த பையன் போலிருந்தான், கண் இமையெல்லாம் வெள்ளை. “பாஸ் இன்னிக்கு ரெண்டு வேலை முடிக்கச் சொன்னார்” என்றான்.

அப்போதுதான் கல்லின் பின்பக்கத்தில் பாதி சுரண்டிய ஸ்டிக்கரைப் பார்த்தேன். ‘குவார்ட்ஸ்’ என்ற சொல்லும் (என்ஜினியர்டு ஸ்டோனை இந்தப் பெயரிலும் விற்பார்கள்) 2022 என்ற வருஷமும் மிச்சமிருந்தன. தடைக்கு முந்தைய ஸ்டாக்கை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்து ஷோரூம் பையனுக்கு அனுப்பினேன். “அது மாத்தி ஒட்டின ஸ்டிக்கர் அக்கா” என்றான். மறுநாள் “மேனேஜர் லீவு”. அதற்கு மறுநாள் “அறுத்த கல்லுக்கு ரீஃபண்ட் இல்லை, பில்லுல கீழே இருக்கு பாருங்க”. பூதக்கண்ணாடி வைத்தால் இருக்கிறதுதான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வேறொரு கல்வேலைக்காரரைக் கூப்பிட்டேன். எட்ட நின்று பார்த்துவிட்டு, “இதைப் பொருத்தினா ஃபைன் எனக்குத்தான்” என்று போய்விட்டார். 6,800 டாலர் கல் கராஜில் தார்ப்பாயின் கீழே கிடக்கிறது. நான் ஒற்றை மின் அடுப்பை சாப்பாட்டு மேசையில் வைத்து ரசம் கொதிக்கவைக்கிறேன்.

என்ன கல் வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. கல்லின் பெயர், தயாரிப்பாளர், சிலிகா எத்தனை சதவீதம், ரெசின் உண்டா இல்லையா, இதெல்லாம் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ரெசின் கலக்காத போர்சலினும் சின்டர்டு ஸ்டோனும் (தாதுத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்யும் பலகை) தடையில் வராது, இயற்கைக் கிரானைட்டும் வராது. ஆனால் அவற்றிலும் சிலிகா உண்டு, தண்ணீர் விடாமல் கல்லை உங்கள் வாசலில் அறுக்க விடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் 5,000 டாலரைத் தாண்டும் வீட்டு வேலைக்கு 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவே கூடாதாம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஏற்கெனவே வீட்டில் பழைய கல் பொருத்தியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அறுக்காமல், துளை போடாமல் இருந்தால் போதும்.

நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தாயிற்று. வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் சேஃப்வொர்க்குக்கும் அந்த போட்டோக்களை அனுப்பியிருக்கிறேன்.

இதை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஷோரூம் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ்: “அக்கா, ஆப்புல அஞ்சு ஸ்டார் போட்டுட்டீங்கன்னா மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்.”